வேலையை விட்டுப் போகிறவர் எதை எடுத்துப் போகலாம், எதை எடுத்துப் போகக் கூடாது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பையரோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் பேப்பர் போட்டுவிட்டார் என்றால், முதலாளிக்கு ஆள் போகிற கவலையைவிட காஸ்டிங் ஷீட் போகிற கவலைதான் பெரிது. நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையலிலிருந்து பேக்கிங் வரை பீஸுக்கு எவ்வளவு, அதற்கு மேல் எத்தனை சதவீதம் வைத்து பையருக்கு விலை சொன்னோம் என்பதெல்லாம் அந்த ஒரே எக்செல் கோப்பில் கிடக்கும். அடுத்த தெரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டுப் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துச் சொன்னால் ஆர்டர் கை மாறிவிடும்.

இதைத் தடுக்க என்ன சட்டம் இருக்கிறது? இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்படவில்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்லி, மசோதா வரைவையும் சேர்த்தே கொடுத்தது. இப்போதைக்குக் கையில் இருப்பவை ஒப்பந்தச் சட்டம், பதிப்புரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், அப்புறம் குற்றவியல் சட்டம்.

பெரும்பாலான முதலாளிகள் நம்பியிருப்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வரும் ஒரு வரியை: ‘வேலையை விட்டபின் இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன்.’ அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. இதே போன்ற இரண்டு வருடத் தடையோடு ஒரு நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் தோற்றுத் திரும்பியது. ஆள் எங்கே வேண்டுமானாலும் சேரலாம்.

வேலையில் இருக்கும் காலத்துக்குக் கணக்கு வேறு. செஞ்சுரி மில் வழக்கு 1967இல் வந்தது. டயர் கார்டு நூல் தயாரிப்பில் பயிற்சி கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தம் போட்டிருந்த ஷிப்ட் சூப்பர்வைசர், பாதியிலேயே போட்டி ஆலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தக் காலம் முடியும் வரை அங்கே வேலை செய்யக் கூடாது, கற்ற தொழில் ரகசியத்தை வெளியிடவும் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஆளைப் பிடித்து வைக்க முடியாது, தகவலைப் பிடித்து வைக்கலாம். ஆனால் எதைத் தகவல் என்பது? இங்கேதான் வழக்குகள் வழுக்கும். ஒரு தபால்வழி விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் போய் சொந்தமாகக் கடை போட்டவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் தடை விதித்தது. உழைத்துத் தொகுத்த பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்பது காரணம். அதே நீதிமன்றம் 2006இல் ஒரு வங்கி வழக்கில், வாடிக்கையாளர் விவரத்தை ரகசியம் என்று சொல்லி ஊழியர் வேறு வேலைக்குப் போவதைத் தடுக்க முடியாது என்றது. மண்டையில் இருக்கும் அனுபவம், தொழில் நுணுக்கம், பழகிய முகங்கள் எல்லாம் ஊழியரின் சொத்து. கோப்பு கம்பெனியுடையது.

‘ரகசியமாக வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்றும் நீதிமன்றம் கேட்கும். காஸ்டிங் ஷீட் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது, சர்வர் பாஸ்வேர்டு டிரைவருக்கும் தெரியும் என்றால், அதை ரகசியம் என்று வாதாட வக்கீலுக்கே கூச்சமாக இருக்கும். யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கும் என்று பிரிப்பது, ரகசிய ஒப்பந்தத்தில் எவையெவை ரகசியம் என்று பெயர் சொல்லி எழுதுவது, கடைசி நாளில் மெயிலையும் டிரைவையும் முடக்கிவிட்டு ‘எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று கையெழுத்து வாங்குவது, இவ்வளவுதான் வேலை. செலவு அதிகமில்லை, சோம்பல்தான் அதிகம்.

சரி, எடுத்தே விட்டார் என்றால்? அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு 5 கோடிக்கு மிகாமல் கேட்பதாக இருந்தால் மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் மனு போடலாம். இப்படி ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. ஊழியரே நம்பிக்கை மோசடி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 316(4)இன்படி சிறை 7 வருடம் வரை போகும். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர் சார்’ என்று சொல்லக்கூடும் என்பதால், தடையாணைக்கான மனுவையும் கையோடு தயார் செய்வது நல்லது.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம் என்று சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிய கோப்பு, ராஜினாமாவுக்கு முந்தின வாரத் தேதியோடு இருந்தால் படிக்கிறவர்களுக்கு வேறு மாதிரிதான் தெரியும். நோட்டீஸ் காலத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஆள் போன மறுநாளே லேப்டாப்பை ஃபார்மேட் செய்து புதுப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துச் சந்தேகம் வந்தபோது பார்க்க ஒன்றுமே மிச்சமில்லை. மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) எழுத வேண்டும். முக்கியப் பொறுப்பில் இருந்தவர் போனால் அந்த லேப்டாப்பைச் சில மாதமாவது தொடாமல் பூட்டி வையுங்கள். புதுப் பையனுக்கு வேறு லேப்டாப் வாங்கிக் கொடுக்கலாம்.