கப்பல் தேதியைக் கேட்காதீர்கள், கேட் மூடும் தேதியைக் கேளுங்கள்

"தம்பி, கப்பல் என்னைக்குக் கிளம்புது?"

போனை எடுத்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான். ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் அனுப்புகிறவரும் இதைத்தான் கேட்பார், கொட்டான் என்கிற பனையோலைக் கூடை அனுப்பும் ஆச்சியும் இதைத்தான் கேட்பார். தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் வேலை எனக்கு, அதாவது சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுப்பவன். வீடு காரைக்குடி. நடுவில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இந்த 200 கிலோமீட்டரைத் தாண்டுவதற்கு முன்பே நம் ஊர்ச் சரக்குக்கு வரவேண்டிய பாதிச் சிக்கல் வந்துவிடுகிறது என்பதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் கிளம்பும் தேதி உங்களுக்கு உதவாது. கன்டெய்னர் முனையத்தின் கேட் உங்கள் பெட்டிக்கு என்றைக்கு மூடும் என்பதுதான் உங்கள் தேதி. பெரும்பாலும் கப்பல் கரையணைவதற்கு முன்பே கேட் மூடிவிடும். அதற்குள் ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பைச் சுங்கத்தில் போட்டிருக்க வேண்டும், சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி தந்திருக்க வேண்டும், கன்டெய்னரோடு சேர்த்த மொத்த எடையை அறிவித்திருக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல், எடை அறிவிக்காத பெட்டியை உலகத்தில் எந்தக் கப்பலிலும் ஏற்றக்கூடாது என்பது விதி. முழுக் கன்டெய்னர் இல்லாமல் நாலைந்து பேர் சரக்கோடு சேர்த்து அனுப்புகிறீர்கள் என்றால், சரக்கு நிலையத்தில் பெட்டி நிரப்பும் நாள் இன்னும் முன்னால் வரும். அப்படி ஒரே பெட்டிக்குள் போகும்போது, உங்கள் கொட்டானுக்குப் பேப்பர் சரியில்லை என்றால் பக்கத்திலிருக்கும் யாரோ ஒருவருடைய நூலும் துணியும் சேர்ந்து நிற்கும்.

தூத்துக்குடி 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. நிலக்கரி, சுண்ணாம்புக்கல், உரம், உப்பு, மரத்தடி, காற்றாலை இறக்கை என்று இரவு பகலாக ஓடும் இடம். அங்கே உங்கள் 12 அட்டைப்பெட்டிக்காக எதுவும் நிற்காது. நாம்தான் அதன் நாட்காட்டிக்குள் போய்ப் பொருந்த வேண்டும்.

அந்த நாட்காட்டி சித்திரையில் தொடங்குவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பிறந்ததும் இரண்டு வேலை. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஜி.எஸ்.டி.யில் கொடுக்கும் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் அந்த நிதியாண்டோடு காலாவதி ஆகிவிடும். புதிதாகப் போட வேண்டும். இன்னொன்று ஐ.இ.சி. எண், ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்களுக்கு அரசு தரும் எண். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2021க்குப் பிறகு, மாற்றம் ஒன்றும் இல்லையென்றாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையதளத்துக்குள் போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடங்கும். ஜூலையில் லாரி தூத்துக்குடிக்கு வந்து நின்ற பிறகு, எண் முடங்கிக் கிடக்கிறது என்று தெரியவருவதை நான் ஒருமுறை இல்லை, பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, சரக்குக்கு வருவோம். டைல்ஸில்தான் நான் அதிகம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துவது. சூளையில் சுடுவதே இல்லை. ஆனால் இன்வாய்ஸில் 'செராமிக் டைல்ஸ்' என்று அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சுங்கப் பட்டியலில் சுட்ட செராமிக் ஓடு 6907, சிமெண்ட் பொருள் 6810. தலைப்பே வேறு. இங்கே தப்பித்தாலும், இறக்குமதி செய்கிற நாட்டில் வரி மாறும், விசாரணை வரும். 'கையால் செய்த சிமெண்ட் தரை ஓடு' என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

அடுத்தது ஈரம். சில வருடங்களுக்கு முன் மலேசியாவில் ஒரு வீட்டுக்காக டைல்ஸ், கொட்டான், கொஞ்சம் கண்டாங்கிச் சேலை எல்லாம் ஒரே 20 அடிப் பெட்டியில் போயின. வாங்குகிறவர் அவசரப்படுத்தியதால், தொட்டியிலிருந்து எடுத்த டைல்ஸை ஒழுங்காக உலரவிடாமலே பேப்பர் சுற்றி அடுக்கிவிட்டார்கள். வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பகலில் பெட்டியின் தகரம் கொதிக்கும், உள்ளே இருக்கிற கல் தன் ஈரத்தைக் கக்கும். ராத்திரி தகரம் குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோத்துக் கீழே சொட்டும். பெட்டிக்குள் மழை பெய்கிற மாதிரிதான். அங்கே கதவைத் திறந்தபோது டைல்ஸுக்கு ஒன்றுமில்லை. கொட்டான் எல்லாம் பூஞ்சணம். சேலை மடிப்புகளில் கறை. கொட்டான் பின்னிய பெண்களின் பல மாத உழைப்பு அது. அந்தப் படங்களை அவர்களிடம் காட்டியது நான்தான். அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பிடிவாதமாகச் சொல்வது: பனையோலையையும் டைல்ஸையும் ஒரே பெட்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் டைல்ஸ் நிழலில் நன்றாக உலரட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். மழை நாளில் கதவைத் திறந்துவைத்து ஏற்றாதீர்கள். பனையோலைப் பொருளுக்கு, பூச்சி நோய் இல்லை என்கிற தாவர நலச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. அதற்கான நாட்களையும் கேட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடையும் சாமானுக்கு வைக்கோல் திணிப்பது நம் ஊரில் தாத்தா காலத்துப் பழக்கம். ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் பெட்டியில் வைக்கோல் கூடவே கூடாது. பயிர்ப் பூச்சி வந்துவிடும் என்று பெட்டியோடு தடுத்துவிடுவார்கள். மரச்சட்டத்துக்கும் இதே கதைதான். ஆசாரியைக் கூப்பிட்டு, கிடைத்த பலகையில் மரப்பெட்டி அடித்து அனுப்ப முடியாது. மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், அல்லது முறைப்படி புகைமூட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்த பலகையில் கோதுமைக் கதிர் படத்தோடு முத்திரை இருக்கும். அந்த முத்திரை உள்ள மரத்தை வாங்கிவந்து ஆசாரியிடம் கொடுங்கள். பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் பலகை வேண்டாம்.

டைல்ஸ் எடை சதுர அடிக்கு ஏறக்குறைய 4 கிலோ வரும். பெட்டியில் இடம் இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டே போனால் இடம் நிறையும் முன் எடை நிறைந்துவிடும். காரைக்குடியிலேயே எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

ஆடி, ஆவணி வந்தால் முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம். தீபாவளிக்கு வெளிநாட்டுக் கடைகளில் இருக்க வேண்டும் என்றால் புரட்டாசியில் பேசத் தொடங்குவது தாமதம். தூத்துக்குடியிலிருந்து பல நாடுகளுக்குப் போகும் பெட்டி கொழும்பில் இறங்கி, வேறு பெரிய கப்பலில் ஏறும். அந்தப் பெரிய கப்பல் உங்கள் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டியதுதான். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. 10 முதல் 14 நாள் கூடுதல். எண்ணெய்ப் பலகாரத்துக்கு அந்த 14 நாள் என்ன செய்யும் என்று பலகாரம் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கா என்றால், பலகாரம் செய்யும் இடமே அந்நாட்டு உணவுத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆர்டர் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் எங்கள் கண் எப்போதும் கூண்டின் மேல்தான். தொலைக்காட்சியில் 'தூத்துக்குடியில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று ஓடும்போது, ஊரில் பலர் பதறிப்போய்ப் போன் செய்வார்கள். 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 வந்தால் துறைமுகத்துக்கான எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஆகவே 1க்குப் பதற வேண்டாம். ஆனால் 3ஐப் பார்த்த பிறகும் லாரியைக் கிளப்பாதீர்கள். கடல் மட்டும் அல்ல, சாலையும் போகும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது தூத்துக்குடிக்குள் நுழையும் வழியெல்லாம் வெள்ளம். எங்கள் சரக்கோடு வந்த வண்டி எட்டயபுரம் பக்கம் நாலு நாள் நின்றது. ஓட்டுநர் தம்பிக்குச் சாப்பாடு கொடுத்தது அந்த ஊர் மக்கள். வண்டிக்குள் இருந்த சரக்கைவிட அவர் பத்திரமாக இருக்கிறாரா என்பதுதான் அந்த நாலு நாளும் எனக்குக் கவலை. வாடகை மிச்சம் என்று மழை எச்சரிக்கைக்கு நடுவில் ஒரு ஆளை ரோட்டில் இறக்காதீர்கள்.

பயணிகள் கப்பலைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நம் பாட்டன்மார் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனதே கப்பலில்தானே, கேட்பது நியாயம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் கப்பல் விட்டார்கள், அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. இப்போது ஓடுவது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. 2023 அக்டோபரில் தொடங்கி நின்றுபோன அந்தச் சேவை 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியபோது ஓடிய கப்பலின் பெயர் 'சிவகங்கை'. நம் மாவட்டத்தின் பெயரைக் கப்பலில் பார்த்தபோது மனசு நிறைந்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் நிறுத்திவைப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு பயணம் போடுங்கள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்கு என்று யாராவது ஒரு பார்சலைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். உங்கள் பையில் இருப்பது உங்கள் பொருள், அதற்கான பதிலும் உங்களுடையது. விற்பதற்காக 20 சேலை கொண்டுபோனால் அது பயணச் சாமான் ஆகாது, சரக்கு.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். தை, மாசியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வருவார்கள். பங்கு பிரித்த வீடு ஒன்று இடிபடும். ஆயா (பாட்டி) வீட்டு ஞாபகமாக ஒரு நிலைக்கதவு, தூண், ஒரு பழைய தஞ்சாவூர்ப் படம் எடுத்துப்போக ஆசைப்படுவார்கள். ஆசையில் தவறே இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு நிறைந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் அதில் அடங்கும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சுவடி, கையெழுத்துப் படி என்றால் 75 ஆண்டே போதும். மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கடையில் ரசீது வாங்கினேன், என் சொந்த வீட்டுப் பொருள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

செட்டிநாட்டு வீடுகளில் பல 1900க்கும் 1940க்கும் நடுவில் எழுந்தவை. அதாவது, போன வருடம் அனுப்பியிருக்கக்கூடிய கதவை இந்த வருடம் அனுப்ப முடியாது. 1925இல் வைத்த நிலை 2025இல் 100ஐத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் இன்னொரு வரிசை வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. 100 ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்குங்கள். அதன் பிறகு லாரி பேசுங்கள். ஈட்டி மரச் சாமான் என்றால் 2017 ஜனவரி முதல் சைட்டீஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு தனியாக இருக்கிறது. தந்தத்தில் இழைத்த பெட்டி, பல்லாங்குழி என்றால் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் ஆச்சி, சான்றிதழ் வாங்காமலே, புது மரச்சாமான் என்று எழுதச் சொல்லி ஒரு நிலையை வேறொருவர் வழியாக அனுப்பிவிட்டார். அப்படி எழுதலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்த வேறொருவர்தான். சரக்கு நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, கஜலட்சுமியைச் செதுக்கியிருந்த மேல்சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த வருசத்து வீடு?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அப்போதுதான் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். வீட்டுப் பத்திரத்தைத் தேடச் சொன்னேன். வீடு கட்டிய ஆண்டு 1912. விளக்கக் கடிதம், விசாரணை, தேங்கிய நாளுக்கெல்லாம் வாடகை என்று இரண்டு மாதம் அலைந்தோம். ஏற்றுமதியை ரத்து செய்து, நிலையைத் திருப்பி எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததே பெரிய காரியம்.

வண்டி கானாடுகாத்தானுக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். வீட்டில் பாதி இடிந்திருந்தது. மீதமிருந்த இரண்டாம் கட்டில் நாலு பேர் பிடித்து அந்த நிலையைச் சுவரோரம் சாத்தினோம். ஆச்சி முந்தானையால் அதன் தூசியைத் துடைத்துவிட்டு, "இது இங்கேயே இருக்கட்டும் தம்பி, பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறேன்" என்றார்.