சுருங்கிய விதையும் குளிர்ந்த மண்ணும்

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில், பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, முதலில் மண்ணுக்குள் போகிற விதைகளில் பட்டாணியும் ஒன்று. அந்தச் சமயத்தில் தக்காளி நாற்று வீட்டுக்குள், ஜன்னலோரத் தொட்டியில்தான் இருக்கும். வெளியே மண்ணைக் கிளறினால் விரல் மரத்துப்போகும். அந்த மண்ணிலும் பட்டாணி முளைக்கிறது.

அது அப்படிப் பழகிய பயிர். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மனிதர்கள் பட்டாணியைப் பயிராக்கினார்கள். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் நிலம் காய்ந்துவிடும். குளிரில் முளைத்து, வெயில் ஏறுவதற்குள் காய்த்து முடிப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூக்கள் உதிரத் தொடங்கும். தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பட்டாணி நன்றாக வருவதும் இதனால்தான்.

ஆனால் குளிரில் முளைக்கும் என்பதற்காகச் சீக்கிரம் முளைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மண் 20 டிகிரியில் இருந்தால் ஒரு வாரத்தில் முளை தெரியும். 10 டிகிரியில் இரண்டு வாரம். 5 டிகிரியில் ஐந்து வாரம்! அத்தனை நாளும் விதை ஈர மண்ணில் கிடக்க வேண்டும். ஆபத்து அங்கேதான்.

காய்ந்த விதையில் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகள் ஒழுங்கு குலைந்த நிலையில் இருக்கும். தண்ணீர் உள்ளே போனதும் அவை மறுபடி சீராக வேண்டும். அதுவரை விதைக்குள் இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசிகின்றன. மண் குளிர்ந்திருந்தால் சவ்வு சீராவது தாமதமாகி, கசிவு கூடுகிறது. பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த மண் நுண்ணுயிர்களுக்கு அந்தச் சர்க்கரை விருந்து. "விதை முளைக்கவே இல்லை" என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அது உள்ளேயே அழுகிப்போயிருக்கும்.

எல்லாப் பட்டாணியும் ஒரே அளவில் கசிவதில்லை. சுண்டலுக்கு ஊறப்போடும் வெள்ளைப் பட்டாணி வழவழப்பான உருண்டை. பச்சையாக உரித்துத் தின்ன இனிக்கும் ரகங்களில் பெரும்பாலானவற்றின் விதை, காய்ந்தால் சுருங்கிப்போகும். கிரெகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டில் உள்ள பிர்னோ நகரத்து மடாலயத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணியை வளர்த்து மரபியலின் விதிகளைக் கண்டறிந்தபோது கவனித்த ஏழு பண்புகளில் இந்த உருண்டை–சுருக்கமும் ஒன்று. அதன் காரணம் 1990-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஆய்வாளர்களுக்குப் பிடிபட்டது. மாவுச்சத்தின் கிளைகளைக் கட்டும் ஒரு நொதிக்கான மரபணு. அதன் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. நொதி வேலை செய்யாததால் சர்க்கரை முழுக்க மாவாக மாறுவதில்லை, விதையிலேயே தேங்குகிறது. சர்க்கரை கூடினால் அது தண்ணீரையும் கூடுதலாக இழுத்து வைக்கும். விதை பருத்து, பிறகு காயும்போது அவ்வளவு தண்ணீரும் போய்விட, தோல் மடிந்து சுருங்குகிறது.

நாக்குக்கு இனிப்பான அதே சர்க்கரைதான் குளிர்ந்த மண்ணில் கசிந்து விதைக்கு எமனாகிறது. மெண்டல் கவனித்த பண்பு ஒன்று, இன்றும் ஒரு தோட்டக்காரர் எந்த வாரம் விதைப்பது என்பதைத் தீர்மானிப்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஃபெல்தம் ஃபர்ஸ்ட், மீட்டியர் போன்ற உருண்டை விதை ரகங்களை முதலில் விதைக்கலாம். கெல்வெடன் வொண்டர் போன்ற சுருங்கிய ரகங்களுக்கு மண் 10 டிகிரியை எட்டும்வரை பொறுப்பதே நல்லது.

இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு விதைப்பது பலரின் வழக்கம். சுண்டலுக்கு அது சரி. விதைக்கு ஈரத் துணியே மேல் என்பேன். தண்ணீர் மெதுவாக ஏறினால் சவ்வுகளுக்குச் சேதம் குறைவு, மூச்சுவிடக் காற்றும் கிடைக்கும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடம் இன்னொரு அருமையான உத்தி இருக்கிறது: கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் வடியும் பிளாஸ்டிக் வாய்க்காலில் ஒரு துண்டை வெட்டி, மண் நிரப்பி, வீட்டுக்குள் விதைத்துவிடுவார்கள். நாற்று வளர்ந்ததும் வேர் கலையாமல் வரிசையோடு அப்படியே பள்ளத்தில் சறுக்கி இறக்கிவிடலாம்.

முளைத்த பிறகு உறைபனி வருமே? பீன்ஸ் முளைக்கும்போது, உணவைச் சேமித்து வைத்திருக்கும் வித்திலைகளை (விதையின் இரண்டு பருப்புகளை) மண்ணுக்கு மேலே தூக்கிவரும். பட்டாணி அவற்றைக் கீழேயே விட்டுவிட்டு, குருத்தை மட்டும் மேலே அனுப்புகிறது. உணவுச் சேமிப்பும், தண்டின் அடிக்கணுக்களில் உறங்கும் மொட்டுகளும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றச் சொல்வதில் இந்த நன்மையும் உண்டு. பனி குருத்தைக் கருக்கினாலும், புறா கொத்திப் போனாலும், செடியைப் பிடுங்க வேண்டாம். சில நாள் விட்டுப் பாருங்கள். கருகிய தண்டின் பக்கத்திலேயே, பல சமயம் ஒன்றுக்கு இரண்டாக, புதுக் குருத்துகள் மண்ணைக் கீறிக்கொண்டு வரும்.