கிரில்: மீனா, இறாலா? தமிழில் ‘கூனி’

அண்டார்க்டிக் கடலைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘கிரில்’ வந்துவிடும். பென்குயின் தின்பது கிரில், திமிங்கிலம் தின்பது கிரில், சீல் தின்பதும் கிரில். சரி, அது என்ன என்று கேட்டால் ‘ஒரு வகைச் சிறு மீன்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது மீனே இல்லை, இறால் போல ஓடுள்ள ஒரு சிறு கடல் உயிர். இன்னொரு தொல்லையும் இருக்கிறது: நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான் என்பதால் நெருப்பில் வாட்டிய கோழியும் கிரில், துருவக் கடல் உயிரும் கிரில். பள்ளிப் பிள்ளை ஒன்று இணையத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் முதலில் வந்து நிற்பது கோழிதான்.

சொல் நார்வேக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் மீன்குஞ்சுகளுக்கு, அதாவது நாம் பொடிமீன் என்று சொல்வோமே அதற்குத்தான் முதலில் இந்தப் பெயர். திமிங்கில வேட்டைக்குக் கடலோடிய நார்வேக்காரர்கள், திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து குவியல் குவியலாகக் கொட்டிய சிவந்த பொடி உயிர்களையும் அதே பெயரால் அழைத்தார்கள், அதுவே ஆய்வாளர்கள் வாய்க்கும் போய் உலகப் பெயராகிவிட்டது. ஆக, இது ஆய்வுக்கூடத்தில் செய்த கலைச்சொல் அல்ல, கடலில் பிழைத்தவர்கள் வாயில் புழங்கிய சொல். தமிழில் பெயர் தேடும்போது இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அறிவியல் பெயர் வேறு: யூஃபாசியா சூபர்பா. 1850ல் அமெரிக்க இயற்கையியலாளர் ஜேம்ஸ் ட்வைட் டேனா வைத்தது. முதல் பாதியில் இருப்பது ‘நல்ல ஒளி’ என்று பொருள்படும் கிரேக்க வேர்கள். பொருத்தமான பெயர்தான், கண்காம்பிலும் காலடியிலும் வயிற்றுப் பக்கத்திலுமாக நீல ஒளி விடும் பத்து உறுப்புகள் இதற்கு உண்டு. கையில் வைத்துப் பார்த்தால் ஆறு சென்டிமீட்டர் நீளம், இரண்டு கிராம் எடை, கண்ணாடி மாதிரி ஓடு, அதன்மேல் சிவப்புப் பொட்டுகள், மிளகு போலக் கறுத்த கண். பாசியைத் தின்ற குடல் ஓட்டுக்குள்ளிருந்து பச்சையாகத் தெரியும். முன்கால்களில் நெருக்கமான மயிர்கள். அவற்றைக் கூடைபோல் விரித்து மூடித் தண்ணீரை வடிகட்டும், குளிர்காலத்தில் அதே கால்களால் பனிப்பாளத்தின் அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்னும்.

இந்தச் சின்ன உயிரை முறையாக ஆராயத் தொடங்கியதற்குக் காரணமே திமிங்கிலம்தான். திமிங்கிலத்தைக் காக்க வேண்டுமென்றால் அதன் தீனியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, திமிங்கில எண்ணெய் மேல் போட்ட வரிப் பணத்தில், 1925ல் ‘டிஸ்கவரி’ கப்பலைத் தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவுப் பக்கம் அனுப்பியது பிரிட்டன். அந்த ஆய்வுகளில் சேர்ந்து உழைத்தவர் ஜேம்ஸ் மார். சாரணச் சிறுவனாக, அண்டார்க்டிக் பயணி ஷாக்கில்டனின் கடைசிப் பயணத்தில் போனவர் இவர்தான். 1962ல் இவர் வெளியிட்ட பெரிய ஆய்வில்தான் இதன் வாழ்க்கை விரிவாகப் பதிவானது: மேல்நீரில் இட்ட முட்டை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, இருட்டில் பொரிந்து, குஞ்சு வளர வளர மறுபடி மேலே நீந்தி வருகிறது.

அப்புறம் வந்த கண்டுபிடிப்புதான் என்னை அசர வைத்தது. தொட்டியில் தீனியே போடாமல் வைத்தபோது இவை 200 நாட்களுக்கு மேல் உயிரோடு இருந்தன, அதுவும் ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் உடலைச் சுருக்கிக்கொண்டே! அதனால் நீளத்தை அளந்து வயதைச் சொல்ல முடியாது. வயது பார்க்க, கண்காம்பை மெல்லிசாக நறுக்கி, மரத்தில் எண்ணுவதுபோல உள்ளே இருக்கும் வளையங்களை எண்ணுகிறார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். நம் கடற்கரையில் கூனி இருக்கிறது. கூனிப்பொடி, சென்னாக்கூனி, ஈழத்தில் கூனி இறால் என்று ஊருக்கொரு பெயர். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும், காயவைத்துப் படியால் அளந்து விற்பார்கள்; ஒரு பிடி அள்ளினால் வளைந்த உடலும் ஊசிமுனை போன்ற கறுப்புக் கண்களுமாக உள்ளங்கை நிறைந்துவிடும். கூன் விழுந்த முதுகு என்பதால் கூனி. மந்தரையைக் கூனி என்பதும் இதே கூன்தான்.

மறுப்பு ஒன்று வரும், நியாயமான மறுப்புதான். நம் கூனி இறாலின் உறவு, பத்துக்காலிகள் வரிசையைச் சேர்ந்தது. கிரில் தனி வரிசை. இறாலுக்குச் செவுள் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும், கிரிலுக்கோ ஓட்டுக்குக் கீழே குஞ்சம்போல வெளியே தொங்கும். உண்மைதான். ஆனால் நார்வேக்காரர்களின் சொல் மீன்குஞ்சைக் குறித்ததே, அது இன்னும் தூரம் அல்லவா? ஓடும் கூனும் கூட்டமும் உள்ள உயிருக்குக் கூனி என்பது அதைவிட நெருக்கம். பெயர் முழுதும் தப்பான உயிர்களும் இருக்கின்றன, ஆங்கிலத்தில் ‘நண்டுண்ணி’ என்று பெயர் வாங்கிய சீல் தின்பது பெரும்பாலும் கிரிலைத்தான்.

அதனால் என் பரிந்துரை இது. பொது எழுத்தில் ‘தென்கடல் கூனி’ என்று எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் கிரில் என்று குறிப்பிடலாம். வட அட்லாண்டிக்கில் வாழும் இனத்துக்கு ‘வடகடல் கூனி’. இறால் என்று மட்டும் எழுதவேண்டாம், அளவும் இனமும் இரண்டுமே குழம்பும். ஆய்வுக் கட்டுரை என்றால் அறிவியல் பெயரும் சேர்ந்தே வரட்டும்.

கூட்டத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஒரு கன மீட்டர் நீரில் பத்தாயிரத்துக்கும் மேல் நெருக்கியடித்து, கடலே சிவக்கும்படி இவை திரளும். அதை வெறும் ‘கூட்டம்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. குறுந்தொகையின் 109ஆம் பாட்டில், அலை கொண்டுவந்து சேர்க்கும் கூன்முதுகு இறாக்களின் திரளுக்கு ‘முடங்கு புறப் பெருங்கிளை’ என்று இருக்கிறது; கிளை என்றால் இங்கே சுற்றம். கூனிப் பெருங்கிளை என்று எழுதிப் பாருங்கள்.