கரண்டி தாழும், கிண்ணம் மிதக்கும்

திருக்கடலூர்க் கரையில் எட்டுப் பேர் மூச்சுப்பிடித்து ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை தொட்டதும் அது இலேசாக ஆடத் தொடங்கியது. ஆறு வயது அக்கா மகள் என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, இவ்வளவு பாரம். தண்ணிக்குள்ள போனா ஏன் தாழுதில்லை?”

பாரமில்லாததுதான் மிதக்கும் என்று சொல்லித் தப்ப வழியில்லை. ‘உள்ளே காற்று இருக்கு’ என்பது பெரியவர்களின் வழக்கமான பதில். பொய்யில்லை, ஆனால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. வள்ளத்தைத் தூக்குவது காற்றல்ல, தண்ணீர். அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து பேசினுக்குள் வாளியை வைத்து, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றினோம். எவர்சில்வர் கரண்டியைப் போட்டாள். நேரே அடிக்குப் போனது. கரண்டியைவிடப் பாரமான எவர்சில்வர் கிண்ணம் மிதந்தது. “இப்ப உள்ளங்கையால மெதுவா அமத்திப் பார்” என்றேன். அமத்தினாள். “மாமா, தண்ணி கையைத் தள்ளுது!”

விசயமே அதுதான். கிண்ணம் இறங்க வேண்டுமென்றால் அங்கே இருந்த தண்ணீர் விலகி இடம்விட வேண்டும். ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும். அதனால் கிண்ணத்தின் அடியை அது மேல்நோக்கி உந்துகிறது. எவ்வளவு தண்ணீர் விலகுகிறதோ, அந்தத் தண்ணீரின் எடையளவு உந்தல். அது கிண்ணத்தின் எடைக்குச் சமமாகும் இடத்தில் கிண்ணம் நின்றுவிடும். 2200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடிஸ் கண்டது இது. கிண்ணத்தை அமத்தாமல் மிதக்கவிட்டு, வழிந்த தண்ணீரை மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்தால் ஏறக்குறையக் கிண்ணத்தின் எடைதான் வரும்.

கரண்டி ஏன் தோற்றது? ஒரு லீட்டர் அளவு இரும்பு 7.8 கிலோ, அவ்வளவு தண்ணீர் 1 கிலோதான். கரண்டி தன் பருமனளவு தண்ணீரை மட்டுமே விலக்கும், அது போதாது. கிண்ணமோ தன் குழியையும் சேர்த்து இடம் பிடிக்கிறது. வள்ளமும் எஞ்சினும் வலையும் 500 கிலோ என்றால், சுமார் 488 லீட்டர் கடல்நீரை விலக்கினால் போதும். உப்புத்தண்ணீர் கொஞ்சம் பாரம் கூட. கடலில் 40 சென்ரிமீற்றர் அமிழும் வள்ளம் கந்தளாய்க் குளத்தில் 41 அமிழும்.

குழிக்குள் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. நமது திருகோணமலைத் துறைமுகத்திலேயே சாட்சி உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த ‘சகாயிங்’ கப்பலைப் பிறகு பிரித்தானியர் இங்கேயே தாழ்த்தினார்கள். 2018இல் கடற்படைச் சுழியோடிகள் அதைச் சீர்படுத்தி, உள்ளேயிருந்த தண்ணீரை இறைத்து மிதக்கவைத்தார்கள்.  துருப்பிடித்த அதே கப்பல்தான்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கிண்ணத்தில் புளியங்கொட்டை ஏற்றத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கிண்ணம் துளித்துளியாக இறங்கியது. பாதிகூட நிரம்பவில்லை, அதற்குள் சரிந்து தாண்டுபோனது. எல்லாவற்றையும் ஒரே ஓரத்தில் குவித்திருந்தாள்.