கான்கிரீட் பம்ப் பைப் போகும் வழியை முந்தின நாளே முடிவு பண்ணுங்கள்

கலவை கொண்டுவரும் டிரான்ஸிட் மிக்ஸர் லாரி கேட்டில் வந்து நின்ற பிறகுதான் பல சைட்டுகளில் பைப்பை எந்தப் பக்கமாக ஏற்றலாம் என்ற பேச்சே ஆரம்பிக்கிறது. அப்புறம் பைப் அடைத்துக்கொண்டால் ஆர்எம்சி, அதாவது ஆலையில் தயாராகி வரும் கலவைக்குத் திட்டு விழும். பல நேரம் கோளாறு பைப் போன வழியில்தான் இருக்கும்.

பம்புக்கு மிகத் தள்ளியிருக்கும் மூலையில் முதலில் கான்கிரீட் போட்டு, பைப்பைக் கழற்றிக்கொண்டே பின்னால் வர வேண்டும். பக்கத்தில் ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனால், புதிதாக மாட்டும் ஒவ்வொரு காய்ந்த பைப்பின் உள்சுவரிலும் சிமெண்ட் பால் ஒட்டிக்கொள்ள, ஜல்லி முன்னால் சேர்ந்து அடைத்துவிடும். போட்ட கான்கிரீட்டை மிதித்துக்கொண்டு பைப் தூக்குவது வேறு.

பெண்டை, அதாவது பைப் வளைவுகளைக் குறையுங்கள். ஒரு மீட்டர் ஆரமுள்ள 90 டிகிரி பெண்ட், சுமார் 3 மீட்டர் நேர் பைப்புக்குச் சமம். மேலே ஏறும் ஒவ்வொரு மீட்டரையும் தரையில் ஓடும் 4 மீட்டராகக் கணக்கு வைக்கலாம். பம்ப் வாயிலிருந்து நேராகச் செங்குத்தாக ஏற்றிவிடாதீர்கள், கொஞ்ச தூரம் தரையில் ஓடவிட்டு ஏற்றுங்கள். 40 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கலவை, பம்ப் நின்றாலும் 9 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் பம்பை நோக்கி அழுத்திக்கொண்டேதான் இருக்கும். தேய்ந்த பைப்பையும் பம்ப் பக்கத்தில் மாட்டாதீர்கள், அழுத்தம் அதிகம் அங்கேதான்.

125 மில்லிமீட்டர் பைப் ஒன்று, 3 மீட்டர் நீளம், அதற்குள் மட்டும் கிட்டத்தட்ட 90 கிலோ கான்கிரீட். பம்ப் தள்ளும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் மொத்த லைனும் முன்னும் பின்னும் உதறும். அதைக் கம்பி மேலேயே போட்டால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் நழுவி, கம்பி சென்ட்ரிங் தகட்டில் போய் உட்கார்ந்துவிடும். தனி ஸ்டாண்டு வையுங்கள், பழைய டயர் கிடைத்தாலும் சரி. செங்குத்து லைனைச் சாரத்தில் கட்டுவது சுத்தமாக வேண்டாம், இறுகிய தூணிலோ சுவரிலோ பிடியுங்கள்.

அடைப்பு வந்ததும் பைப்புகளை இணைக்கும் கிளாம்பைச் சுத்தியலால் தட்டித் திறக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய பயம். முதலில் பம்பை ரிவர்ஸ் அடித்து அழுத்தத்தை இறக்க வேண்டும், ஆபரேட்டர் சொன்ன பிறகுதான் கிளாம்பில் கை. காற்றடித்துக் கழுவும்போது நுனியில் ஹோஸ் மாட்டியிருக்கவே கூடாது, சாட்டை மாதிரி சுழன்று ஆளையே அடித்துவிடும். பைப்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும் பந்தைப் பிடிக்கக் கூடை மாட்டி, எல்லோரையும் தள்ளி நிற்க வையுங்கள்.

நூறு மீட்டர் லைனில் 1.2 கன மீட்டர் கலவை மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது, பைப்பின் உள்சுவரை நனைக்க ஆரம்பத்தில் ஓட்டும் சிமெண்ட் பாலை எங்கே பிடிப்பது, இரண்டையும் வழி போடும்போதே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பால் ஏதாவது ஒரு தூணுக்குள்தான் போகும்.