சர்க்கரைத் தாங்குதிறன் பரிசோதனையும் அதற்கு முந்தைய மூன்று நாள்களும்

மொரீசியஸில் 1987-ஆம் ஆண்டு நடந்த தொற்றா நோய் ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இதுதான் சர்க்கரைத் தாங்குதிறன் பரிசோதனை. இந்திய வம்சாவளியினர் மட்டுமல்லாமல் ஆப்பிரிக்க வம்சாவளி கலந்த கிரியோல் மக்களிடமும் சீனர்களிடமும் சர்க்கரை நோய் மிகுந்திருப்பது அதில் தெரியவந்தது. வெறும் வயிற்றில் எடுத்த அளவோடு நிறுத்தியிருந்தால் பலருடைய பாதிப்பு கணக்கில் வராமலே போயிருக்கும்.

குடித்த குளுக்கோஸ் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேரத் தொடங்கியதும், குடலில் சுரக்கும் சில ஹார்மோன்களும் கணையத்தைத் தூண்டிவிட, இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதைக் கட்டுப்படுத்துவதோடு, தசைகள் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளவும் செய்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, தசைகள் அதற்குச் சரிவர இணங்காவிட்டாலோ, இரண்டு மணி நேரம் கடந்தும் அளவு இறங்காது. காலையில் வெறும் வயிற்றில் இயல்பாக இருப்பவரிடமும் இந்தக் குறை ஒளிந்திருக்கக்கூடும்.

பரிசோதனைக்கு நாள் குறித்ததுமே சோற்றையும் ஃபராட்டா என்னும் ரொட்டியையும் குறைத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அது முடிவையே கெடுத்துவிடும். மாவுச்சத்து சில நாள் குறைந்தால் உடல் கொழுப்பை எரிக்கப் பழகிவிடுகிறது, கணையமும் மந்தமாகிறது, திடீரென 75 கிராம் குளுக்கோஸ் வந்து சேரும்போது, நோய் இல்லாதவருக்கும் அளவு உயர்ந்து காட்டலாம். ஆகவே முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து சேர வேண்டும். சமைத்த சோறு ஒரு கோப்பையில் அது ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். காவடி விரதத்தின் சைவ உணவால் கெடுதல் இல்லை. ஆனால் ஒருவேளை மட்டும் உண்டு விரதமிருந்தவர்கள், மூன்று நாள் வழக்கமான உணவு உண்ட பிறகே பரிசோதனைக்குச் செல்வது நல்லது.

முந்தைய இரவு முதல் 8 முதல் 14 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சர்க்கரை போடாத வனிலா தேநீரும் கூடாது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் அளவை உயர்த்தும் என்பதால் அவற்றை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் இருந்தால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இரத்தம் எடுத்தபின், 250 முதல் 300 மில்லிலிட்டர் கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துமுடிக்க வேண்டும். பிறகு நடக்காமல், புகைபிடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும். குழாயில் எடுத்த இரத்தத்திலும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், அதை மட்டுப்படுத்த ஃபுளோரைடு சேர்த்த, பெரும்பாலும் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சேகரிக்கிறார்கள்.

இரண்டு மணி நேர அளவு லிட்டருக்கு 7.8 மில்லிமோலுக்குக் (இரத்தச் சர்க்கரையை அளக்கும் ஓர் அலகு) கீழ் இருந்தால் இயல்பு. 7.8 முதல் 11.0 வரை தாங்குதிறன் குறைந்த நிலை. உணவாலும் நடைப்பயிற்சியாலும் நோயைத் தள்ளிப்போட ஏற்ற கட்டம் இதுதான். 11.1-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயைக் குறிக்கும். அறிகுறி இல்லாதவருக்கு மறுபடியும் ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

கர்ப்பிணிகளுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 என்ற எல்லைகளில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்வர். பேறுகாலத்துக்குப் பின் அளவு பெரும்பாலும் இறங்கிவிடும் என்றாலும், 6 முதல் 12 வாரங்களுக்குள் அந்தத் தாய் இதே பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.