எபாக்சிக்கும் சாதா மேட்டுக்கும் ஒத்துவராது: வீட்டிலேயே ஃபைபர் பைக் சீட் செய்பவர்களுக்கு

உடைந்துபோய் பட்டறைக்கு வரும் ஃபைபர் சீட்டைத் திருப்பிப் போட்டு, விரிசலைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ரெசின் என்ற இறுகும் பிசின் முழுசாக ஊறிய கண்ணாடி இழை வெளிச்சத்தை உள்ளே விடும். இழையே கண்ணுக்குத் தெரியாது. வருகிற சீட்டுகளிலோ உள்ளே பஞ்சு பஞ்சாக வெள்ளை இழை காய்ந்து கிடக்கிறது. நகத்தால் நெம்பினால் அடுக்கு தனியாக உரிந்து வருகிறது. மேலே மட்டும் பளபளவென்று இரண்டு மில்லிமீட்டருக்கு வெறும் ரெசின். போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல்.

செய்தவர் சோம்பேறியும் இல்லை, கஞ்சனும் இல்லை. இருப்பதிலேயே விலை கூடிய ரெசினான எபாக்சியைத் தேடி வாங்கியிருக்கிறார். அதோடு கடையில் கையில் கிடைத்த சாதா கண்ணாடி இழை மேட்டையும் வாங்கியிருக்கிறார். கோளாறு அந்த ஜோடியில்தான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த சீட்டும் இதே ஜோடியில்தான் வந்து நிற்கிறது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘எபாக்சி உசத்தி, பாலியெஸ்டர் மட்டம், மேட் எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைக்கிறார்கள். மேட் எல்லாம் ஒன்று கிடையாது. சாதா மேட் என்பது நெய்த துணியல்ல. விரல் நீளத்துக்கு வெட்டிய இழைகளை எல்லாத் திசையிலும் தூவி, ஒரு பசையால் பிடித்து வைத்த விரிப்பு. அந்தப் பசை ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைய வேண்டும் என்பதற்காகவே போடப்பட்டது. பாலியெஸ்டர் ரெசினிலும் வினைல் எஸ்டரிலும் ஸ்டைரீன் இருக்கிறது. பிரஷ்ஷால் தட்டிய சில நிமிடங்களில் பசை கரைந்து, விறைப்பாக இருந்த மேட் ஈரத்துணி மாதிரி தொய்ந்து, வளைவோடு வளைவாகப் படிந்துவிடும்.

எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரைவதில்லை. மேட் அட்டை போலவே விறைத்து நிற்கும். ரோலரால் அழுத்தினால் படியும், ரோலரை எடுத்தால் எழும்பும். பின்பக்கத் திமிலிலும் ஓர மடிப்பிலும் அடியில் காற்று தங்கிவிடும். அதைச் சமாளிக்க இன்னும் ரெசினை ஊற்றுவார்கள். ரெசின் பள்ளத்தில் தேங்கும், உயரமான இடத்தில் வறண்டுபோகும். மேலே சொன்ன வெள்ளைப் பஞ்சு இப்படி வருவதுதான்.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு மேட்டை வெட்டி, ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) சேர்க்காத ரெசினில் ஐந்து நிமிடம் ஊறப்போடுங்கள். கையுறை போட்ட இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். இழைகள் பிரிந்து வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மேட்டும் அந்த ரெசினும் சேரும். காகிதம் போல ஒரே துண்டாக நின்றால் சேராது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் ஒரு சீட் முழுவதும் வீணாகிறது.

எபாக்சிதான் வேண்டும் என்றால் நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். இல்லையென்றால் பசைக்குப் பதில் நூலால் தைத்த மேட், அல்லது எபாக்சிக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்ட மேட் வாங்குங்கள். ஆனால் ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி ஓர் அடுக்குக்குக் கால் மில்லிமீட்டர்கூட வராது. 3 மி.மீ. கனம் வேண்டுமானால் 12, 13 அடுக்கு போட வேண்டும். அதே இடத்தில் 450 கிராம் மேட் பாலியெஸ்டருடன் ஓர் அடுக்குக்கு சுமார் 1 மி.மீ. கொடுத்துவிடும். சீட் தட்டுக்கு வேண்டியது விறைப்பு. விறைப்பு கனத்தில் இருக்கிறது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். நான்கு அடுக்கு மெல்லிய துணியில் எபாக்சி போட்டு, ‘எபாக்சி போட்டும் வளைகிறதே’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கார்பன் துணிக்கும் இதே கணக்குதான். உறைக்கு அடியில் மறையப்போகும் தட்டுக்கு அது தேவையில்லை.

இன்னொன்று வெப்பம். அறைச் சூட்டிலேயே இறுகவிட்ட எபாக்சிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் கறுப்பு சீட்டும், அடியில் சைலன்சர் ஓடும் சீட்டும் அந்தச் சூட்டை எட்டிவிடும். ஆள் உட்கார்ந்த இடம் மெல்லக் குழியும். சாதாரண வண்டிக்கு ஜிபி, அதாவது பொதுப் பயன்பாட்டுப் பாலியெஸ்டர் போதும். சைலன்சரோ இன்ஜின் சூடோ பக்கத்தில் இருந்தால் சூட்டை இன்னும் தாங்கும் ஐசோ (ஐசோப்தாலிக்) பாலியெஸ்டர். பேட்டரி ஆசிட்டும் சூடும் சேர்ந்து வரும் இடமானால் வினைல் எஸ்டர். எபாக்சிக்கு ஒட்டும் பிடிப்பு அதிகம் என்பது உண்மை. அதனால் பழைய பாலியெஸ்டர் சீட்டைப் பழுது பார்க்க, நன்றாகச் சுரண்டிவிட்டு எபாக்சி போடலாம். தலைகீழாகச் செய்யாதீர்கள், எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

அளவுக்கு வருவோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், ஓர மடிப்பு சேர்த்து ஏறத்தாழ கால் சதுர மீட்டர். 450 கிராம் மேட் நான்கு அடுக்கென்றால் ஒரு சதுர மீட்டர் மேட், அதாவது 450 கிராம். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். 1.1 கிலோ என்று வைத்து, கப்பிலும் பிரஷ்ஷிலும் போவதற்குச் சேர்த்து 1.5 கிலோ வாங்குங்கள். நெய்த துணியென்றால் துணியின் எடை அளவுக்கே ரெசின் போதும். வளைவு அதிகமான சீட்டுக்கு முதல் அடுக்கை 300 கிராம் மேட்டில் போட்டால் நன்றாகப் படியும். மேட்டைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பது நல்லது. கிழிந்த ஓரம் அடுத்த துண்டோடு கலந்து தடிப்பில்லாமல் படியும்.

ரெசின் அதிகமானால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். பலம் இழையில் இருக்கிறது. ரெசின் தேங்கிய இடம் கண்ணாடித் துண்டு மாதிரி நொறுங்கும்.

ஹார்டனர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூடியில் ஊற்றுவது, ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று இன்னும் கொஞ்சம் விடுவது, இரண்டும் வேண்டாம். தராசு வாங்குங்கள். பாலியெஸ்டருக்கான ஹார்டனர் எம்.இ.கே.பி.; 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம், பெரும்பாலும் 1.5 கிராம் சரியாக இருக்கும். ஒரு தடவைக்கு 300, 400 கிராம் ரெசினுக்கு மேல் கலக்காதீர்கள். அகலமான தட்டில் கலக்குங்கள். ஆழமான டப்பாவில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்து, புகைந்து, டப்பாவே உருகும். ஹார்டனர் கூடினால் தகடு முறுகும், விரியும். ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரப்பர் மாதிரி நின்றுவிடும். பிறகு மேலே ஹார்டனர் தடவி எதுவும் ஆகாது. சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

எபாக்சியில் இது வேறு. அங்கே ஹார்டனர் என்பது ரெசினின் ஜோடிப் பாகம். 100-க்கு 10 என்றிருக்கும், 2-க்கு 1 என்றிருக்கும்; டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். எடையில் சொன்ன அளவை மில்லியில் ஊற்றாதீர்கள். கூடுதலாக ஊற்றினால் வேகமாக இறுகாது. மிச்சமான ஹார்டனர் உள்ளேயே தங்கி, தகட்டை மெதுமெதுப்பாக்கும்.

நீங்கள் வாங்கும் பாலியெஸ்டரில், இறுகுவதை முடுக்கிவிடும் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தனியாகக் கொடுத்தால், கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கி முடித்த பிறகுதான் எம்.இ.கே.பி. ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றக் கூடாது. குப்பென்று தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே அளவுக் கோப்பை வேண்டாம். ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். எம்.இ.கே.பி.யைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், தயவுசெய்து. பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீர்க் குழாயடியில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். கலக்கும்போது கண்ணாடி போட்டே இருங்கள். ஓரம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி அல்ல.

அச்சு எதில் செய்கிறீர்கள் என்பதையும் ரெசினோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். தெர்மாகோல் மேல் பாலியெஸ்டர் பட்டால், வெந்நீர் ஊற்றிய சர்க்கரைக் கட்டி மாதிரி கண் முன்னாலேயே குழிந்து போகும். தெர்மாகோல்தான் இருக்கிறதென்றால் எபாக்சி, அல்லது முழுக்க அலுமினியத் தாள் டேப் ஒட்டி, ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் மூடிவிட்டு பாலியெஸ்டர். பாலியூரித்தேன் ஃபோமுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டேப்புக்கு மேல் அச்சு மெழுகு மூன்று, நான்கு கை தேய்த்தால் தகடு சுகமாகக் கழன்று வரும்.

வண்டி மேலேயே வைத்து அச்செடுப்பவர்கள் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்டைரீன் ஆவி 31 டிகிரிச் சூட்டிலேயே தீப்பற்றும் அளவுக்கு எழும். சாம்பிராணியோ அடுப்போ கிரைண்டர் பொறியோ அந்த அறையில் இருக்கக் கூடாது.

மேட் போடுவது எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். நிறைய எழுத ஒன்றுமில்லை. முதலில் அச்சில் ரெசின், பிறகு மேட், பிறகு பிரஷ்ஷால் தட்டுவது, பிறகு வரிப்பள்ள ரோலர். பிரஷ்ஷால் தேய்த்தால் இழை இழுபட்டுச் சுருளும், தட்டத்தான் வேண்டும். கூர்மையான உள்மூலையில் மேட் படியாது. சிறுவிரல் பருமனுக்கு வளைவு கொடுங்கள். முடியாத இடத்தில், நறுக்கிய இழையை ரெசினில் குழைத்து மூலையை நிரப்பிவிட்டு அதன் மேல் மேட் போடுங்கள்.

உடையும் சீட்டுகள் அனேகமாக போல்ட் ஓட்டையில் உடைகின்றன. ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கூடுதலாக இரண்டு அடுக்கு போடுங்கள். நட்டை நேரடியாகப் புதைக்காமல், 2 மி.மீ. இரும்புத் தகட்டில் நட்டை வெல்ட் செய்து, தகட்டில் சுற்றிலும் ஓட்டைகள் போட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அடுக்குகளுக்கு நடுவே வையுங்கள். ரெசின் ஓட்டைகள் வழியே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆள் எடையை போல்ட் தாங்கக் கூடாது. சீட் தட்டு சட்டத்தின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார வேண்டும். போல்ட் நகராமல் பிடித்தால் போதும். அகலமான தட்டையான சீட்டுக்கு அடியில் ஒரு கயிற்றையோ ஃபோம் பட்டையையோ நீளவாக்கில் வைத்து மேலே இரண்டு அடுக்கு போட்டால் முதுகெலும்பு மாதிரி நிற்கும். ஓரத்தை 25 மி.மீ. கீழ்நோக்கி மடித்தால் இன்னும் விறைக்கும்.

இறுகிய பிறகும் பாலியெஸ்டரின் மேல்பக்கம் பிசுபிசுக்கும். பலர் பயந்துபோய் ஹார்டனரைத் தடவுகிறார்கள். தேவையில்லை. காற்றுப் படும் முகப்பு அப்படித்தான் இருக்கும். அசிட்டோன் துணியால் துடைத்து, சுரண்டினால் அடியில் கெட்டியாக இருக்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தால் பிசுபிசுப்பே வராது. ஆனால் அதன் மேல் இன்னோர் அடுக்கு போட வேண்டுமென்றால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் போட முடியும். பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்பும்போது 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேட் போடுங்கள்.

முகக்கவசத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. என்95 தூசிக்கு, கிரைண்டர் பிடிக்கும்போது அது வேண்டும். ரெசின் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரித்தூள் நிரப்பிய, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் வேண்டும். கையில் பட்ட ரெசினை அசிட்டோனால் கழுவாதீர்கள், தோலுக்குள்தான் இறங்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டதைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எபாக்சி ஹார்டனர் பழகப் பழக ஒவ்வாமை ஆகிவிடும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது.

24 மணி நேரம் கழித்து அச்சிலிருந்து எடுத்து, ஒரு நாணயத்தால் தட்டு முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘தொப்’பென்று மங்கலாகக் கேட்ட இடத்தில் உள்ளே காற்று. பென்சிலால் வட்டம் போட்டு, அந்த அடுக்கை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, புது மேட் வையுங்கள். ஸ்டைரீன் வாடை முழுதாகப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் ஃபோம் ஒட்ட வேண்டும். உறையைப் பிடிக்க ஸ்டேப்ளர் வேண்டாம். இந்தக் கனத்தில் பின் இறங்காது, இறங்கினாலும் கீறல் விடும். அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடியுங்கள்.